சாரத்தைப் பிரித்த குமிழி

அந்தக் காலத்தில் குளத்து நீரில் மிதந்த உயிரணுக்களுக்கும் பேச வாய் இருந்தது. அவற்றில் குமிழி என்பவள் சரியான பயந்தாங்கொள்ளி. அவள் உடம்பு ஒரு மெல்லிய பை. அது சரியாமல் நிற்க, உள்ளே கம்புகளால் சாரம் கட்டிவைத்திருந்தார்கள் அவளுக்குள்ளேயே குடியிருந்த மாசானமும் அவன் தம்பி இசக்கியும்.

குமிழி இரண்டாகும் வேளை வந்தது. பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பரம்பரை நூல்கள், ஆளுக்கு ஒன்றாக, ஜோடி ஜோடியாகத் தயார். தள்ளிப்போட வழியில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த நுரைச்சிக்கு நடந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். நுரைச்சி சாரம் நின்றபடியே இரண்டாகப் பிரிய இடுப்பை இறுக்கிவிட்டாள். நூல்கள் கம்புகளுக்கிடையே சிக்கி ஒரே பக்கம் குவிந்தன. ஒரு பிள்ளை வெறும் பையாகப் பிறந்து அன்றைக்கே செத்தது.

“மாசானம், எனக்கும் அப்படி ஆயிருமோ?”

“சாரத்தைப் பிரிச்சிருவோம் தாயி. அந்தக் கம்பை வச்சே ரெண்டு முனையிலயும் நின்னு நூலை இழுக்கலாம்.”

“பிரிச்சா நான் சரிஞ்சிருவேனே.”

“சரிஞ்சாலும் சரியலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

இப்படிச் சொல்கிறவனை நம்பி யார் வீட்டைப் பிரிப்பார்கள்? குமிழி நம்பினாள். அவளுக்கு வேறு ஆள் இல்லை.

“பிரி” என்றாள்.

கம்புகள் ஒவ்வொன்றாக விழ விழ, அவள் தோலை உள்ளிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சரியவில்லை, பந்தாக உருண்டாள். அண்ணன் ஒரு முனைக்கும் தம்பி மறுமுனைக்கும் போய், கம்புகளை நீட்டி நூல்களை மாட்டத் தொடங்கினார்கள்.

“எல்லாம் ஆச்சா? என்னால தாங்க முடியல.”

“ஒண்ணு மட்டும் மாட்டல தாயி” என்றான் இசக்கி.

ஒண்ணுதானே, விடு என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போது நுரைச்சியின் அந்த வெறும் பை நினைவுக்கு வந்தது. குமிழி தோலை விடாமல் பிடித்தபடி காத்திருந்தாள். நூல் நழுவியது. மறுபடியும் நழுவியது.

“மாட்டிட்டேன்.”

இருவரும் இழுத்தார்கள். குமிழி இடுப்பை இறுக்கினாள். நடுவில் இருந்த வழி மூடுவதற்குள் மாசானம், “தம்பி, சாரத்தை ஒழுங்காக் கட்டு” என்றான். பதில் வருவதற்குள் மூடிவிட்டது. இரண்டு பிள்ளைகளும் முழுசாக இருந்தன. குமிழிதான் எங்கும் இல்லை.

அன்று முதல்தான் நம் உடம்பின் உயிரணுக்கள் இரண்டாகும் முன் தம் சாரத்தைத் தாமே பிரித்துப்போட்டு, உருண்டு, கடைசி நூல் மாட்டும்வரை காத்திருக்கின்றன. பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒற்றை ஆளாக ஒருவன் மறுபடி சாரம் கட்டத் தொடங்குகிறான், கூடப் பிறந்தவன் அடுத்த வீட்டில் இருக்கிறான்.