கை முடியும் தக்காளித் தோலும்

“ரெண்டு கத்திக்கும் சேத்து ஒரே கல்லு வேணுமுங்க. எது நல்ல கல்லுங்கக்கா?”

கேட்டவன் சென்னியப்பன். வயது ஐம்பத்திரண்டு. அவன் ‘அக்கா’ என்று கூப்பிட்ட பூவாத்தாளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. மலை மடத்துச் சமையற்கட்டு அவள் பொறுப்பு. அங்கே வந்து சேருகிறவர்களுக்கு அவள்தான் குரு. வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அக்கா.

பூவாத்தாள் முறத்தில் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“கல்லா? இந்தப் பருப்புல நாலு இருக்குது. வேணுமாங்கண்ணா?”

சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவனுக்கு இது சிரிக்கிற விஷயமே இல்லை.

முப்பது வருஷம் காட்டுப்பன்றி வேட்டையாடியவன். ஒருநாள் ‘போதும்’ என்று தோன்றிவிட்டது, மடத்துக்கு வந்துவிட்டான். ஆறு மாதமாக விறகு சுமக்கிறான், அண்டா தேய்க்கிறான். அவன் ஆசையெல்லாம் ஒன்றுதான். குருபூசைப் பந்திக்குத் தன் கையால் காய் நறுக்க வேண்டும்.

போன மாதம் அக்காவிடம் கேட்டும் விட்டான். அவள் மடத்துக் கத்தியை எடுத்துக் கொடுத்தாள்.

“இதைத் தீட்டிக் கொண்டாங்கண்ணா. காயில எறங்குச்சுன்னா நீங்களே நறுக்குங்க.”

வேறு யாராக இருந்தாலும் அரை மணி நேரத்து வேலை. சென்னியப்பன் எதையும் துருவித் துருவிக் கேட்கிற ஆள். தச்சரைக் கேட்டான், நாவிதரைக் கேட்டான், சந்தையில் எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டான். இடுப்பில் இருந்த தன் வேட்டைக் கத்தியையும் கூடவே தீட்டிப் பார்த்தான்.

முதல் சந்தையில் ஒரு கருங்கல் வாங்கினான். சொரசொரப்பான கல். தீட்டிய கத்தியை முன்கையில் வைத்து இழுத்தான். முடி போகவில்லை.

கல் சரியில்லை என்று தீர்மானித்தான். சமையற்கட்டில் காய் நறுக்கும் பலகைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுக்க அந்தக் கல் உதவியது.

அடுத்த சந்தையில் கொஞ்சம் மழமழப்பான கல். பாதி முடி போனது. மூன்றாவதாக, நாவிதர் சொன்ன, எண்ணெய் விட்டுத் தீட்டும் கல், கண்ணாடி மாதிரி. அதில் தீட்டியதும் இரண்டு கத்திகளும் பட்டவுடனே முடியை எடுத்தன. அந்தச் சந்தோஷத்தில் எடுத்துக்கொண்டே இருந்தான். இப்போது இரண்டு கையும் மொழுமொழுவென்று இருந்தன.

“டவுன்ல இதவிட மழமழப்பா ஒரு கல்லு இருக்குதாமுங்க. போய்ட்டு வந்துரட்டுங்களா?”

“நாளைக்குக் குருபூசைங்கண்ணா.”

“அதுக்குத்தானுங்க அவசரமே.”

பூவாத்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். கூடையிலிருந்து நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

சென்னியப்பன் மடத்துக் கத்தியைப் பெருமையாக அதன்மேல் வைத்து இழுத்தான்.

கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

மறுபடி வைத்தான். மறுபடி வழுக்கியது. கொஞ்சம் அழுத்தினான். தக்காளி நசுங்கி, சாறு அவன் வேட்டியில் தெறித்தது.

கத்தி மழுங்கிவிட்டதோ? கையில் முடியில்லை. வேட்டியை ஒதுக்கிக் கெண்டைக்காலில் வைத்து இழுத்தான். முடி பொலபொலவென்று உதிர்ந்தது.

“இதென்னுங்க அதிசயமா இருக்குது? முடி விழுகுது, தக்காளித் தோலு அசைய மாட்டேங்குது!”

முதலில் அவனுக்கு ஆச்சரியம்தான் வந்தது. நாளைய பந்தி பிறகுதான் நினைவுக்கு வந்தது.

“ஒரு மாசமா இதுல என்னென்ன நறுக்குனீங்க?” என்று கேட்டாள் பூவாத்தாள்.

“கை முடியத்தானுங்க.”

“அதை எலையில வெச்சா பந்தியே எந்திரிச்சுப் போயிரும்.”

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். தனக்கு மறுபடியும் அண்டாதான் என்று நினைத்தான். அழுகை வரும்போல இருந்தது.

பூவாத்தாள் அவன் இடுப்புக் கத்தியைக் காட்டினாள்.

“காட்டுல இருக்கறப்ப இதை எதுலீங்க தீட்டுவீங்க?”

“ஓடையில கெடக்கற சொரசொரப்புக் கல்லுதானுங்க. எது கைக்குச் சிக்குதோ, அது.”

“கூர் வந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?”

“அதென்ன பெரிய வித்தைங்களா? பன்னித் தோலுல வெச்சாத் தெரிஞ்சுருமுங்க. புடிச்சா வந்துருச்சு. வழுக்குனா வர...”



நசுங்கிய தக்காளியைப் பார்த்தான். தன் மொட்டைக் கையைப் பார்த்தான்.

பிறகு குனிந்து, பலகைக்கு அடியிலிருந்து அந்தச் சொரசொரப்பான கருங்கல்லை உருவினான். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நசுங்கிய தக்காளி உருண்டு கீழே விழுந்தது.

“பலகை ஆடுதுங்கண்ணா.”

“ஆடட்டுமுங்க.”

கல்லைத் தண்ணீரில் நனைத்தான். மடத்துக் கத்தியை இந்தப் பக்கம் நாலு இழுப்பு, அந்தப் பக்கம் நாலு இழுப்பு. துடைத்தான். கத்தியைக் கைக்கும் கொண்டுபோகவில்லை, காலுக்கும் கொண்டுபோகவில்லை.

“அக்கா, ஒரு தக்காளி குடுங்க.”

“நாளைக்கு எரநூறு பேருங்கண்ணா” என்றாள் பூவாத்தாள். கூடையையே அவன் பக்கம் தள்ளிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டாள்.