வேறு ஆளில்லாத வாழ்க்கை வரலாறு

அப்பளக் கம்பெனி முதலாளி திருமலையப்பனின் வாழ்க்கை வரலாறு எழுதி முடிந்தபாடில்லை. எழுதிக் கொடுத்த இரண்டு பேரை விரட்டியாயிற்று. மூன்றாவதாக அகப்பட்டவள் கம்பெனி டைப்பிஸ்ட் செண்பகவல்லி.

“நான் பிறந்து வளர்ந்தது, தொழில், பொழுதுபோக்கு, இளைஞர்களுக்கு அறிவுரை எல்லாம் வரணும். ஆனா வேற ஒரு ஆள் அதுல தலைகாட்டக் கூடாது. நான் தனியா முன்னுக்கு வந்தவன். திங்கட்கிழமைக்குள்ள எழுதி முடிக்கலைன்னா நீ வேலைக்கே வரவேண்டாம்” என்றார்.

திங்கட்கிழமை அவள் ஒரே ஒரு தாளை நீட்டினாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: ‘எனக்குக் கேரம் பிடிக்கும். தனியாக ஆடுவேன். எப்போதும் நானே ஜெயிப்பேன்.’

“என்னம்மா இது? நான் பிறந்தது எங்கே?”

“எழுதினேன் சார். உடனே உங்க அம்மா வந்துட்டாங்க. அடிச்சிட்டேன்.”

“தொழில்?”

“உளுந்து மாவு பிசையக் கத்துக்கொடுத்தது மதினின்னு நீங்கதானே சொன்னீங்க? அவங்களையும் எடுத்துட்டேன்.”

“அறிவுரையாவது இருக்கணுமே!”

“அதைக் கேட்க ஒரு ஆள் வேணுமே சார்!”

வாசலில் நின்ற டிரைவர் சிரித்துத் தொலைத்தான். முதலாளி முறைத்தார். தாளை மறுபடி படித்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“மதினி பேரு கோமதி. முதல் பக்கத்துலயே போடு. அப்புறம் எல்லாரும் வரட்டும்.”

புத்தகம் வந்தது. நன்றாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தில் முதலாளி தன் கையால் ஒரு வரி எழுதிச் சேர்த்திருந்தார்: ‘இதை ஒழுங்காக எழுதி முடித்தவர் எங்கள் டைப்பிஸ்ட் செண்பகவல்லி.’