பேசாத நாள் ஒன்பது

குருவுக்கு இருபத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்துமூன்று.

குருவின் பெயர் மெட்டில்டா. தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், சனிக்கிழமைதோறும் காலை பதினோரு மணிக்கு வகுப்பு எடுத்தாள். சிறு வியாபாரிகள் தங்கள் சரக்கைச் செல்போன் வழியாக விற்பது எப்படி என்பதுதான் பாடம். நரைத்த தலைகளெல்லாம் அவளை டீச்சர் என்றார்கள். அவளும் அவர்களை அண்ணாச்சி, அக்கா என்று சொல்லியே அதட்டுவாள்.

சீடர் லூர்துராஜ், வீட்டிலேயே மக்ரூன் போட்டு விற்கிறவர். முந்திரிப்பருப்பு, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு, இந்த மூன்றும்தான் மக்ரூன். வெள்ளைக்கருவை நுரைக்க அடிப்பது அவர் மனைவி பிரகாசி. கூம்பு கூம்பாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் வேகவைப்பது அவர். இருபத்துநாலு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

வெள்ளைக்கரு மக்ரூனுக்குப் போய்விடும். மஞ்சள்கரு வீட்டுக்கு வந்துவிடும். அது அந்த வீட்டின் தலையெழுத்து. மஞ்சக்கரு ஆம்லெட், மஞ்சக்கரு குழம்பு, மஞ்சக்கரு பொரியல். மகள் செரின் திருநெல்வேலியில் விடுதி உள்ள கல்லூரியாகப் பார்த்துச் சேர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று கேள்வி. பிரகாசி கிண்ணத்தோடு படியிறங்கினால் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

முதல் வகுப்பில் டீச்சர் சொன்னது ஒன்றுதான்.

"உள்ளதைக் காட்டுங்க அண்ணாச்சி. மினுக்கிக் காட்டாதீங்க."

லூர்துராஜ் கோடு போடச் சொன்னால் ரோடு போட்டுவிடுகிற ஆள். முந்திரி உடைப்பதைக் காட்டினார். அடுப்பைக் காட்டினார். அடுப்பின் மேல் படுத்திருந்த பூனையைக் காட்டினார். பார்க்கிற ஆட்கள் மெல்லக் கூடினார்கள். ஆர்டரும் கூடியது. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, பிரகாசி முட்டை உடைப்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எழுபது மஞ்சள்கரு பாத்திரத்தில் சேர்ந்ததைப் பார்த்ததும் அவளுக்கு வந்ததே ஒரு கோபம்.

"உங்களைக் கட்டுன நாள்லருந்து இதத் தின்னு தின்னு எம் மூஞ்சியே மஞ்சளாப் போச்சு! எங்கப்பா என்னய ஒரு கருவாட்டு யாவாரிக்குக் குடுத்திருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன்!"

உள்ளதைக் காட்டச் சொல்லியிருக்கிறாள் அல்லவா டீச்சர்? லூர்துராஜ் அதை அப்படியே போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் பிரகாசி மீன் வாங்கச் சந்தைக்குப் போனாள். முன்பின் தெரியாத ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள்.

"நீங்க மஞ்சக்கரு அக்காதான? ஒருக்கா திட்டுங்களேன்!"

சொல்லிக்கொண்டே அவள் போனைத் தூக்கினாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரகாசி மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். வந்தவள் வாயை மூடியவள்தான்.

வெள்ளைக்கருவை அடித்தாள். சோறு வைத்தாள். அவர் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் புத்தி உள்ள மனுஷன் என்ன செய்திருப்பான் என்பதை விட்டுவிடுவோம். லூர்துராஜ் என்ன செய்தார் என்றால், மூன்றாம் நாள் ஒரு வீடியோ போட்டார். தலைப்பு, 'வீட்டுக்காரி பேசாத நாள் மூன்று.' அப்புறம் நாலு. அப்புறம் ஐந்து.

அடுத்த வாரம் சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே மாடிப்படி ஏறினார். கையில் ஒரு டப்பா மக்ரூன்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒன்பது நாளா பிரகாசி பேச மாட்டேங்கா. மொதல்ல ஆளுக பரிதாபப்பட்டு நெறையப் பாத்தாவ. இப்பக் கொறையுது. அடுத்து என்ன போடலாம்?"

மெட்டில்டா நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாற்காலியை அப்படியே பிடித்தபடி நின்றாள்.

"இதுல சந்தேகம் எது அண்ணாச்சி? அக்கா பேசாததா, ஆளுக கொறையுறதா?"

லூர்துராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண் கலங்கிவிட்டது.

"எனக்குச் சோறு எறங்கல டீச்சர். வீட்டுக்குள்ள இருந்தா காது அடைச்ச மாதிரி இருக்கு. இப்படியே இருந்துருவாளோன்னு பயமா இருக்கு."

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"மன்னிப்பு கேட்டீங்களா?"

"கேட்டேனே! பாருங்க."

போனை நீட்டினார். அதில் லூர்துராஜ் வெள்ளைச் சட்டை போட்டு, மாதா படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார். 'பிரகாசி, என்னய மன்னிச்சிரு' என்று தழுதழுத்தார். அறுபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். 'மன்னிச்சிருங்கக்கா, அண்ணன் பாவம்' என்று குவைத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். சேலை எடுத்துக் கொடுக்கச் சொல்லி கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மாள் யோசனை சொல்லியிருந்தார்.

"சேலையும் எடுத்தேன் டீச்சர். குடுக்கறதை லைவ்ல காட்டுனேன். வாங்கி அலமாரியில வச்சிட்டு அடுக்களைக்குப் போயிட்டா. பிரிச்சுக்கூடப் பாக்கல."

"இந்த மன்னிப்பை அக்கா பாத்தாவளா?"

"ஊரே பாத்திருக்கு. அவ பாக்காமலா இருப்பா?"

மெட்டில்டா டப்பாவைத் திறந்து ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. லூர்துராஜ் அவள் முகத்தையே பார்த்தார். என்ன கவலை இருந்தாலும், தன் பண்டத்தை ஒருவர் தின்னும்போது முகத்தைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது.

அவள் எழுந்தாள். நேரே பால்கனிக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள்.

"லூர்து அண்ணாச்சி! மக்ரூன் ரொம்ப நல்லாருக்கு! ரொம்ப நன்றி அண்ணாச்சி!"

கீழே ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாக அண்ணாந்தார்கள். பூக்காரம்மா கட்டுவதை நிறுத்திவிட்டாள்.

லூர்துராஜ் பதறி எழுந்தார்.

"டீச்சர்! டீச்சர்! நான் இங்கல்லா இருக்கேன்!"

அவள் திரும்பவில்லை. தெருவுக்கே சொன்னாள்.

"அண்ணாச்சி இங்கதான் இருக்காவளாம்!"

டீக்கடையில் சிரிப்பு வெடித்தது. யாரோ ஒருவன் விசில் அடித்தான். "யாரு தாயி அந்த அண்ணாச்சி? எங்களுக்கும் ஒரு டப்பா குடுக்கச் சொல்லு!" என்று ஆட்டோக்காரர் கத்தினார். லூர்துராஜுக்குக் கூச்சத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. வெளியே தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"எதுக்கு டீச்சர் ஊரக் கூட்டுதீய? நாலடி தள்ளி இருக்கேன். எங்கிட்ட சொன்னாப் போதாதா?"

மெட்டில்டா உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னொரு மக்ரூனை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.

லூர்துராஜ் நின்றுகொண்டே இருந்தார். தான் சொன்னது கொஞ்சம் தாமதமாகத் தன் காதிலேயே விழுந்தது. கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் அவர் இன்னும் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர்," என்றார் மெதுவாக. "இதெல்லாம் நிறுத்திட்டா யாவாரம் படுத்துராதா?"

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோ போடுதீய?"

"பத்து. அதுக்கு மேல அடுப்புல எடம் கெடையாது."

"பத்தும் எப்பத் தீருது?"

"காலையிலயே ஆர்டர் முடிஞ்சிரும். ரெண்டு மாசமா அப்படித்தான்."

"அந்தப் பூனை வீடியோ போட்ட காலத்துலயே?"

"ஆமா."

"அப்போ சாயந்தரம் போடுத வீடியோ யாருக்கு அண்ணாச்சி?"

லூர்துராஜ் போனை அணைக்கப் பார்த்தார். எப்படி அணைப்பது என்று டீச்சரிடமே கேட்க வேண்டியிருந்தது. வாங்கின நாளிலிருந்து அதை அவர் அணைத்ததே இல்லை.

வகுப்புக்கு மற்றவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தபோது அவர் இறங்கிப் போனார்.

வீட்டில் பிரகாசி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை என்றதும் சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் விளிம்பு, அரிசி டின், அலமாரி மேல்தட்டு என்று அவர் போனைச் சாத்திவைக்கும் இடங்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்தாள்.

லூர்துராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஒன்பது நாளும் அவள் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாளா? தன் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு?

"அணைச்சு வண்டிப் பெட்டிக்குள்ள வச்சிட்டேன்," என்றார். "பிரகாசி, நான் உன்ன சந்தி சிரிக்க வச்சிட்டேன். தப்பு எம்பேர்ல. என்னய மன்னிச்சிரு."

அதோடு நிறுத்திக்கொண்டார். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்த்துச் சொல்ல அவருக்குத் தெரியவும் இல்லை.

பிரகாசி குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"நான் திட்டுனது உங்களை," என்றாள். ஒன்பது நாள் பேசாத தொண்டை கரகரத்தது. "ஊருக்குக் கேக்கவா திட்டுனேன்? மனசுல உள்ளத வாய்விட்டுச் சொல்லுததுக்கு எனக்கு இருக்கது நீங்க ஒரு ஆளு. உங்க முன்னாலயே வாயத் தொறக்கப் பயந்தா நான் எங்க போவேன்?"

லூர்துராஜ் தரையில் உட்கார்ந்து அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். அவள் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள். ஒன்பது நாள் பாக்கி. மாதா படத்தை எதற்கு இழுத்தீர்கள் என்று கேட்டாள். அந்தச் சேலைக் கலரைக் குவைத்துக்காரன் சொன்னானா, கோயம்புத்தூர்க்காரி சொன்னாளா என்று கேட்டாள். அவருக்கோ ஒவ்வொரு வசவுக்கும் மூச்சு லேசாகிக்கொண்டே வந்தது. அடைத்த காது திறந்தது. பசி என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. மத்தியானம் மஞ்சக்கரு குழம்பு ஊற்றி மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அவள் இன்னும் என்னென்னவோ சொன்னாள். அதெல்லாம் இங்கே வேண்டாம்.

அன்றைக்கே மகளைப் போனில் கூப்பிட்டுக் கேட்டுக் கேட்டு, பிரகாசி இருந்த வீடியோ அத்தனையையும் அழித்தார். அந்த வாரம் முழுக்க முந்திரியும் அடுப்பும் பூனையும்தான். பத்துக் கிலோவும் காலையிலேயே தீர்ந்தது. ஒரு டப்பா கூட மிஞ்சவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே மெட்டில்டா சிரித்துவிட்டாள்.

"பேசிட்டா டீச்சர்."

"தெரியுது அண்ணாச்சி."

"ஆனா ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"எல்லாரும் கேக்காவ. 'அக்கா பேசிட்டாங்களா? என்ன சொன்னாங்க?' ஒரு நாளைக்கு நூறு பேரு கேக்காவ. நமக்காக ஜெபம் பண்ணுனவுகளும் அதுல உண்டு. பதில் சொல்லாம விட்டா மரியாதை இல்லியே. என்ன போடட்டும்?"

மெட்டில்டா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. அடுப்பு எரியுதா?"

"எரியுது. ஆர்டர் கூடுனதுலருந்து ஞாயித்துக்கிழமையும் போடுதோம். முந்தியெல்லாம் மாதா கோயில்ல காலைப் பூசை முடிச்சிட்டு நானும் பிரகாசியும் கடற்கரைக்கு நடந்து போவோம். சும்மாதான். அவ எதையாவது பேசிக்கிட்டே வருவா, நான் கேட்டுக்கிட்டே போவேன். போயி மாசம் ரெண்டாச்சு."

"அப்போ நாளைக்கு மக்ரூன் கெடையாதுன்னு போடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

லூர்துராஜ் தலையைச் சொறிந்தார்.

"ஏன், என்ன காரணம்னு கேப்பாவளே டீச்சர்?"

"கேக்கட்டும் அண்ணாச்சி."