கழுமேட்டுக் கல்லில் காணாமல் போன பெயர்

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதே அவனுக்குச் சட்டம். இப்படிப்பட்ட ராஜாவிடம் மந்திரியாக இருப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். நல்லாதனாருக்கு அது இருந்தது.

அந்த வருஷம் சந்தைச் சண்டையில், செக்காட்டும் சாத்தன் வண்டி முளைக்குச்சியைப் பிடுங்கி மாரன் என்பவனை அடித்துவிட்டான். மாரன் செத்துப்போனான். இதற்காகவே காத்திருந்தவர்போல் படைத்தலைவர் உக்கிரசேனர் சபையில் எழுந்தார். மந்திரி ஆசனத்தின் மேல் அவருக்குப் பல நாளாகக் கண்.

"மகாராஜா, இந்த வருஷம் இது மூன்றாவது கொலை! உங்கள் பாட்டனார் காலத்தில் கழுமரம் இருந்தது, ஜனங்களுக்குப் பயம் இருந்தது. உங்கள் தந்தையார் அதைப் பிடுங்கிப் போட்டார், நாடு கெட்டுப்போயிற்று."

"அப்போது மாதம் நாலு பேர் கழுவேறினார்கள் என்று நீர்தானே பெருமையாகச் சொல்வீர்?" என்றார் மந்திரி. "அத்தனை பயம் இருந்த ஊரில் மாதம் நாலு கொலைகாரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?"

சபையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பாட்டனாரையே கேலி செய்ததாக ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளை உச்சிப்பொழுதில் சாத்தன் கழுவேறட்டும்!" என்றான்.

"உத்தரவு. ஆனால் பழைய முறைப்படியே நடக்க வேண்டும்," என்றார் மந்திரி. "ஆளைக் கட்டிய கழுமரத்தைத் தூக்கி நிறுத்த நாற்பது பேர் தாமாக வந்து வடம் பிடிப்பார்கள். அவர்கள் பெயரை அங்கேயே கல்லில் பொறிப்பார்கள். அந்தப் பெருமைக்காக அன்று அடிதடியே நடந்ததாம். நாளை நாற்பது பெயர் சேராவிட்டால் சாத்தனை அவிழ்த்துவிட வேண்டும்."

"நாற்பதா? நானூறு பேர் வருவார்கள்!" என்று முழங்கினார் உக்கிரசேனர்.

"வந்தால் உம் பதவி அவருக்கு," என்றான் ராஜா மந்திரியிடம்.

மறுநாள் கழுமேட்டில் கால் வைக்க இடமில்லை. கட்டுச்சோற்று மூட்டையோடுகூட வந்திருந்தார்கள், வெட்கங்கெட்ட ஜனங்கள்! மந்திரி தலைகளை எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். மரத்தோடு கட்டப்பட்டிருந்த சாத்தன் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டான்.

கல்தச்சர் வீரணாசாரி உளியோடு அங்கே நின்ற பழைய பெயர்க்கல்லின்முன் உட்கார்ந்தார். முதல் உரிமை செத்தவன் மனைவிக்கு. பூவாயி வந்து வடத்தைக் கையில் எடுத்தாள்.

"எம் புருஷன் பேரு இந்தக் கல்லுல வருமா?"

"வராது தாயி. இழுத்தவங்க பேரு மட்டுந்தான்."

"இவனை நான் மன்னிக்கலை. என் வயிறு எரியுது. ஆனா எம் புள்ளைங்க இந்த வழியாப் போறப்ப எம் பேரை இதுல பார்க்கக் கூடாது."

வடத்தைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். முன்வரிசையில் நின்றவர்கள் மெல்லப் பின்வரிசைக்குப் போனார்கள்.

உக்கிரசேனர் தம் வீரன் ஒருவனை முன்னே தள்ளிவிட்டார். "பேரு? அப்பன் பேரு? ஊரு?" என்று கேட்டார் ஆசாரி.

"பேரெல்லாம் எதுக்குங்க? சும்மா இழுத்துட்டுப் போயிடறேனே."

"பேரு சொல்லாம வடத்தைத் தொடக் கூடாதுப்பா."

அவன் நழுவினான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் நழுவினார்கள்.

"கோழைகளா!" என்று உறுமினார் உக்கிரசேனர். "முதல் பெயர் என்னுடையது. பொறி, ஆசாரி!"

ஆசாரி தலையைச் சொறிந்தார். "எங்க பொறிக்கட்டுங்க? உங்க தாத்தா பேரு இருந்த இடத்துலயேவா? போன தை மாசம் நீங்கதானே அதைச் சுரண்டச் சொன்னீங்க. கழுவேத்தின குடும்பத்துல பொண்ணு எடுக்க மாட்டோம்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போயிட்டாங்கன்னு."

மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ராஜா இறங்கி வந்து கல்லைத் தடவிப் பார்த்தான். பாதிக்குமேல் சுரண்டிய தடங்கள். ஊரார் பலர் தரையைப் பார்த்தார்கள். உச்சியில் ஒரு பெயர் மட்டும் யாரும் தொடத் துணியாமல் முழுசாக இருந்தது. அவனுடைய பாட்டனார் பெயர்.

ராஜா அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தான். பிறகு, "இதையும் எடுத்துவிடு, ஆசாரி," என்றான்.

"வேண்டாம் மகாராஜா," என்றார் மந்திரி. "எடுத்துவிட்டால், அது பொற்காலம் என்று நாளை இன்னொருவர் சபையில் எழுந்து நிற்பார்."

ஒரு பெயர்கூடச் சேராததால் சாத்தனை அவிழ்த்தார்கள். பூவாயியின் பிள்ளைகள் தலையெடுக்கும்வரை அவளுடைய நிலத்தை அவன் உழ வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

"உக்கிரசேனரே," என்றான் ராஜா, "உம் தாத்தா பெயரை ஆசாரி மறுபடி பொறிக்கட்டும். முடியும்வரை நீர் அவருக்குக் குடை பிடியும்."

நல்ல வெயில். ஆசாரி அன்றைக்கு வேண்டுமென்றே மெதுவாகத்தான் கொத்தினார்.