தீவுக்காரி கேட்ட பாட்டு

மணற்றுறை என்ற துறைமுகத்தில், வேற்றுமொழிக்காரர்களின் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் மூன்று துபாஷிகள் இருந்தார்கள். ஏகாம்பரம் ஒரு சொல் பிசகமாட்டார். சிதம்பரநாதர் கரைகண்ட படிப்பாளி. மூன்றாமவள் கயற்கொடி, தீவுக்காரர்களுக்கு மீன் விற்றே அவர்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டவள். மற்ற இருவரும் அவளை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அவளும் அதற்காக இளைத்துப்போய்விடவில்லை.

கப்பலில் வந்த மெலூனா என்ற தீவுக்காரி, காய்ச்சல் முற்றிச் சத்திரத்தில் கிடந்தாள். வைத்தியர் கைவிரித்துவிட்டார். முன்பின் தெரியாத ஊரில் சாகப்போகிறோமே என்று அவளுக்கு நடுக்கம். துறைமுகத் தலைவரும் மூன்று துபாஷிகளும் அவள் அருகில் இருந்தார்கள். அந்த நேரம் கோயிலில் பாட்டு எழுந்தது: "விழுந்த பிள்ளையை வாரி எடுக்கும் தாயே!"

"சாமியை என்னன்னு பாடுறாங்க? உள்ளபடி சொல்றவங்களுக்கு இது" என்று மெலூனா தன் முத்து மோதிரத்தைக் கழற்றித் தலைவரிடம் கொடுத்தாள்.

"தாய்னு பாடுறாங்க" என்று அவள் பேச்சிலேயே சொன்னார் ஏகாம்பரம்.

மெலூனா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தீவில் பெற்றவள் பிள்ளையைத் தன் அக்காளிடம் கொடுத்துவிட்டால் பிறகு ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். பாலூட்டி வளர்ப்பதெல்லாம் பெரியம்மாதான். இது மூவருக்கும் தெரிந்த வழக்கம்.

சிதம்பரநாதர் குனிந்து, "கடவுளுக்கு எந்தச் சொல்லும் பொருந்தாதும்மா" என்றார்.

"அப்ப இவங்க யாரைக் கூப்பிடுறாங்க?" என்று அவள் அழத் தொடங்கினாள்.

கயற்கொடிக்குப் பொறுக்கவில்லை. மெலூனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்ன வயசுல நீ விழுந்தா யாரு ஓடிவந்து தூக்குவா?"

"பெரியம்மா."

"அந்தப் பெரியம்மா மாதிரின்னு பாடுறாங்க. ஆனா அவங்க கை ஒருநாள் ஓஞ்சுபோயிருக்கும். இந்தக் கை ஓயாது. அது எப்படின்னு எனக்குத் தெரியாது."

மெலூனாவின் நடுக்கம் நின்றது. சற்று நேரத்தில் அமைதியாக உயிர் பிரிந்தது.

ஏகாம்பரம் பொரிந்து தள்ளினார். "பாட்டுல பெரியம்மா எங்க வந்தா? இனிப்பான பொய் சொன்னாலும் மனசு ஆறத்தான் செய்யும்!"

"கடவுளைச் சிறுசாக்காம பேசினது நான் ஒருத்தன்தான்" என்றார் சிதம்பரநாதர்.

சாகிறவளை ஏமாற்றிவிட்டோமோ என்று கயற்கொடிக்கே சந்தேகம் வந்தது.

நீங்களே சொல்லுங்கள்: பாட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னவர் யார்?

கயற்கொடிதான். பாட்டு, பெற்றவளைப் பாடவில்லை. வாரி எடுப்பவளைப் பாடுகிறது. ஏகாம்பரம் கொடுத்த சொல் சரி, அது போய்ச் சேர்ந்த பொருள்தான் தலைகீழ். சிதம்பரநாதர் சொன்னதும் மெய்தான், ஆனால் கூப்பிட ஒரு பெயர்கூட இல்லாமல் அவளைத் தனியே விட்டுவிட்டார். கயற்கொடி பெயரும் கொடுத்தாள், அந்தப் பெயர் எட்டாத இடம் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. தலைவர் அவளிடம் மோதிரத்தை நீட்டியபோதும் ஏகாம்பரம் விடவில்லை. "நாம 'தாயே'ன்னு பாடுறதுதான் அசல். நீ சொன்னது வெறும் மொழிபெயர்ப்பு. அதையாவது ஒத்துக்க."

"ஒத்துக்கறேங்க ஐயா" என்றாள் கயற்கொடி. "ஆனா சாமியை நாம 'தாயே'ன்னு பாடுறது மட்டும் என்னவாம்? அதுவும் மொழிபெயர்ப்புதானே?"