எட்டாம் ஆளின் வீடு

முன்னொரு காலத்தில், ஏழே தெருக்கள் கொண்ட ஒரு தலைநகரில், அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. தெருவுக்கு ஒருவரை மக்களே ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு அவைக்கு அனுப்ப வேண்டும். எட்டாவதாக ஓர் ஆளை ஏழு தெருவும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கு ‘ஊர்ப்பொது’ என்று பெயர்.

எட்டாம் குடத்தைக் கவிழ்த்தபோது, விழுந்த ஓலைகளில் பெரும்பாலும் விகடகவி செவ்வந்தியப்பனின் பெயரே இருந்தது.

அமைச்சர் வயிரமேகருக்கு வயிறு எரிந்தது. அவர் செவ்வந்தியப்பனுக்கு அடுத்த வீட்டுக்காரர். அவர் கிணறு உப்பு. செவ்வந்தியப்பன் கிணறு இளநீர் போல இனிக்கும்.

“அரசே, ஊர்ப்பொது ஏழு தெருவுக்கும் உரியவர். ஒரு தெருவில் குடியிருந்தால் அதன் பக்கமே சாய்வார். ஆகவே எந்தத் தெருவிலும் அவர் வசிக்கலாகாது. காலியாகும் வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார்.

அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. விடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவி உமையாள் குடத்தை ‘ணங்’கென்று வைத்தாள். “கிணத்தையும் தோள்ல தூக்கிட்டு வருவீங்களா? பொதுன்னா போக்கிடம் இல்லாதவர்னு அர்த்தமா?”

செவ்வந்தியப்பன் ஊரைச் சுற்றி வந்தான். எந்த வீட்டைப் பார்த்தாலும் ஏதோ ஒரு தெருவில் இருந்தது. ஒன்றைத் தவிர.

காலையில் அரசர் அவைக்கு வந்தார். தூணுக்குத் தூண் சேலை காய்ந்தது. உமையாள் ஆட்டுக்கல்லில் மாவரைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு ஆடு சிம்மாசனத்து மெத்தையை மென்றுகொண்டிருந்தது.

“என்ன இது?” என்றார் அரசர்.

“எந்தத் தெருவையும் சேராத இடம் ஊரில் அரண்மனை ஒன்றுதான், அரசே. ஆணைப்படி குடி வந்துவிட்டேன்.”

“ஊருக்கு வெளியே போகட்டும்” என்றார் அமைச்சர்.

“வெளியூர்க்காரன் எப்படி ஊர்ப்பொது ஆவான்? அரசரும் நாடு முழுவதற்கும் பொதுதானே. ஒரே அரண்மனையில் உறங்குகிறார் என்று நாளை அவரையும் காலி செய்யச் சொல்வீரோ?”

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஊர்ப்பொது ஒரு தெருவில் வசிக்கலாம், ஏழு தெருவுக்கும் பதில் சொல்லவேண்டும் என்று ஓலை எழுதச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றிச் செவ்வந்தியப்பன் கழுத்தில் போட்டார். மெத்தையை ஆட்டுக்கே கொடுத்துவிட்டார்.

வீடு திரும்பியதும் உமையாள் கிணற்றடிக் கதவை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டாள். ஏழு தெருக் குடங்களும் வரிசையில் நின்றன. கடைசிக் குடம் அமைச்சர் வீட்டினுடையது.