முத்துக்கொடிக்குத் தண்ணீர் காட்டிய கதை

முன்னொரு காலத்தில், அரசர் கண்ணைக் கசக்கினால் அமைச்சர்கள் அழுத நாட்களில், ஒரு நாட்டைக் கீர்த்திசேகரன் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு எதன்மேலாவது ஆசை விழுந்தால் போதும், அதற்குக் கெட்ட காலம் தொடங்கிவிடும். ஒருமுறை ஒரு கிளியின்மேல் ஆசை வைத்தார். மன்னருக்குப் பிடித்த கிளி என்று அரண்மனையே கூடிப் பழம் ஊட்டியது. பழம் தின்றே அது போய்ச் சேர்ந்தது. அதன் இறுதி ஊர்வலத்தில் பட்டத்து யானை நடந்தது.

அந்த அவையில் பிச்சாண்டி என்றொரு விகடகவி இருந்தான். மன்னரைச் சிரிக்கவைப்பது அவன் உத்தியோகம். சிரிக்கவைக்கிற சாக்கில் உண்மையைச் சொல்லிவிடுவது அவனிடம் இருந்த கெட்ட பழக்கம். தலைமை அமைச்சர் நீலகண்டருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மன்னர் தம் வெற்றிலைச் செல்லத்திலிருந்து பிச்சாண்டிக்குத் தம் கையாலேயே வெற்றிலை எடுத்துக் கொடுப்பார். இருபது வருஷம் ராஜ்யத்தைச் சுமந்த நீலகண்டருக்கு ஒரு காம்புகூடக் கிடைத்ததில்லை.

மன்னரின் ஒரே மகள் செண்பகவல்லி, மலைகளுக்கு அப்பால் வறண்ட நாடொன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒருநாள் அவளிடமிருந்து ஒட்டகத்தில் ஒரு மண்சட்டி வந்தது. சட்டி நிறையக் கொடி. இலைகள் இலை மாதிரியே இல்லை. பச்சைப் பட்டாணியை நூலில் கோத்து அவிழ்த்துவிட்டதுபோல, மணி மணியாக விளிம்பைத் தாண்டித் தொங்கின. மன்னர் அதைப் பார்த்ததும் கண் கலங்கினார்.

"என் மகளே வந்து என் பக்கத்தில் அமர்ந்ததுபோல் இருக்கிறது. இதற்கு முத்துக்கொடி என்று பெயர். இது வாடினால் என் மனம் வாடும்" என்றார்.

அவ்வளவுதான். மண்சட்டி அரசவைக்கு அழகில்லை என்று, ஓட்டையில்லாத வெள்ளிக் குடத்துக்குக் கொடி மாறியது. வெயில் எட்டிப் பார்க்காத சிங்காதனத்தின் ஓரத்தில் வெள்ளிச் சங்கிலியில் தொங்கியது. பிறகு தொடங்கியது தண்ணீர். மன்னர் காலையில் எழுந்ததும் ஒரு செம்பு ஊற்றினார். மன்னர் ஊற்றும்போது பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? தளபதி ஒரு செம்பு ஊற்றினார். ஆஸ்தானப் புலவர் வெண்பாவின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கை ஊற்றினார். நல்லவேளை, வெண்பாவுக்கு நான்கே அடி. அர்ச்சகர் இளநீரால் அபிஷேகம் செய்தார். இத்தனைக்கும் மேலே நிற்க வேண்டுமே என்று நீலகண்டர் பன்னீர் கொண்டுவந்தார்.

சில வாரங்களில் மணிகள் கண்ணாடிபோல நீர்த்துப்போய்க் கொழகொழத்தன. தொட்டால் உதிர்ந்தன. குடத்திலிருந்து நாற்றம் கிளம்பியது. அவையில் சாம்பிராணியை இரட்டிப்பாக்கினார்களே ஒழிய, குடத்துக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஏன் இப்படி ஆகிறது?" என்று மன்னர் கலங்கிக் கேட்டார்.

"தாகம், மன்னவா" என்றார் நீலகண்டர். அதன்பின் எல்லோரும் இரண்டு செம்பு ஊற்றினார்கள்.

ஒருநாள் அறுந்து விழுந்த கொடித்துண்டு ஒன்றைப் பிச்சாண்டி விளையாட்டாகத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி உண்ணாமுலை அதை எடுத்து, அடியில் பொத்தல் விழுந்த ஒரு கொட்டாங்கச்சியில் ஆற்றுமணலைப் போட்டுச் செருகி, எருமைக் கொட்டிலின் தாழ்வாரத்தில் மாட்டினாள். மாட்டியதோடு மறந்தும் போனாள்.

மாதம் ஒன்று போயிருக்கும். பிச்சாண்டி தற்செயலாக நிமிர்ந்து பார்த்தான். கொட்டாங்கச்சியை மூடிக்கொண்டு கொடி தழைத்திருந்தது.

"உண்ணாமுலை, இதுக்கு எப்பெப்ப தண்ணி ஊத்துன?"

"நல்லா கேட்டீங்க. எருமைக்குத் தண்ணி காட்டவே எனக்கு நேரமில்ல. இதுக்கு வேற ஊத்தணுமா? நடுவுல ஒருநா மழை பெஞ்சுது, அந்தச் சாரல்ல நனைஞ்சிருக்கும்."

பிச்சாண்டி ஒரு மணியை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தான். கெட்டியாக இருந்தது. நகத்தால் கிள்ளினான். உள்ளேயிருந்து தண்ணீர் சுரந்தது. ஒவ்வொரு மணியும் ஒரு குட்டிக் குடம். வறண்ட நாட்டுக் கொடி, தன் தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு வந்திருக்கிறது. அதன் தலையில்தான் அரசவையே குடம் குடமாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவையில் அவன் வாய் சும்மா இருக்கவில்லை.

"மன்னவா, முத்துக்கொடி தாகத்தால் சாகவில்லை. மூழ்கிச் சாகிறது."

மன்னரின் முகம் சிவந்தது. "என் அன்பு என் மகளின் கொடியைக் கொல்கிறது என்கிறாயா?"

இதற்கு ஆம் என்று சொன்னவன் எவனும் தலையோடு வீடு திரும்பியதில்லை. இல்லை என்றால் கொடி செத்தது. பிச்சாண்டி வாயைத் திறப்பதற்குள் நீலகண்டர் எழுந்தார். இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

"மன்னர்பெருமானே, விகடகவிக்கு இந்தக் கொடியின்மேல் எங்களைவிட அக்கறை அதிகம்போலிருக்கிறது. கொடியை அவரிடமே ஒப்படைக்கலாம். இளவரசியின் பிறந்தநாள்வரை பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் ஒருநாள்கூடத் தண்ணீர் தவறக் கூடாது. தவறினாலும் சரி, கொடி பட்டுப்போனாலும் சரி, அவர் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

ஊற்றினால் கொடி சாகும். ஊற்றாவிட்டால் ஆணையை மீறிய குற்றம். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம் என்பது பிச்சாண்டிக்கு உடனே புரிந்தது.

மன்னர் தலையசைத்தார். அவர் சின்ன வயதில் பாதி நாளைக் குதிரை லாயத்தில் கழித்தவர். ஆகவே அவர் பேச்சிலும் லாயத்து வாடை அடிக்கும். "அப்படியே ஆகட்டும். பிச்சாண்டி, நீ தினந்தோறும் தவறாமல் கொடிக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். இது என் ஆணை" என்றார்.

பிச்சாண்டி சட்டென்று தலை நிமிர்ந்தான். "அடியேனுக்கு வலக் காது சற்று மந்தம். ஆணையை இன்னொருமுறை அருள வேண்டும்."

"தினந்தோறும் தண்ணீர் காட்ட வேண்டும்."

"கட்டியங்காரர் இதை அவையறியச் சொன்னால், நாளைக்கு அடியேன் மறந்தாலும் ஊர் மறக்காது."

கட்டியங்காரன் வெண்கலக் குரலில் அதை மூன்றுமுறை முழங்கினான். நீலகண்டருக்கு உள்ளூரச் சந்தோஷம். எலி தானே வலிய வந்து பொறிக்கதவைச் சாத்திக்கொள்கிறதே. அந்தச் சந்தோஷத்தில், கொடியை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், சட்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பிச்சாண்டி கேட்டதற்கெல்லாம் அவரே முந்திக்கொண்டு சம்மதம் சொன்னார்.

உண்ணாமுலை விஷயத்தைக் கேட்டதும் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"நாடு கடத்துனா நீங்க மட்டும் போய்க்கோங்க. எருமை செனையா இருக்கு. நான் எங்கயும் வர்றதா இல்ல."

"கடத்த மாட்டாங்க."

"எப்பவும் இப்படித்தான் சொல்றீங்க. அந்த வாயைக் கொஞ்சம் வீட்டுலயே வச்சிட்டுப் போனா என்ன?"

பிச்சாண்டி வெள்ளிக் குடத்தைக் கவிழ்த்தான். சேறும் நாற்றமும்தான் மிச்சம். அழுகியதையெல்லாம் கிள்ளி எறிந்தபோது தேறியது நாலைந்து இழைகள். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பயமாகத்தான் இருந்தது. ஒரு ராஜ்யத்தின் அன்பைத் தாங்கியதில் மிஞ்சியது இவ்வளவுதான் என்று நினைத்தபோது, கொடியின்மேல் ஒருவிதப் பங்காளிப் பாசமும் வந்தது. அடியில் ஓட்டையுள்ள மண்சட்டியில் மணலும் செங்கல்தூளும் கலந்து, இழைகளை மேலே சுருட்டிவைத்தான். காலை வெயில் மட்டும் விழும் கிழக்குச் சன்னலில் மாட்டினான்.

மறுநாள் முதல் வாசலில் ஒரு காவலன் வந்து நின்றான். நீலகண்டர் அனுப்பிய ஆள். தினமும் பிச்சாண்டி குளித்து, திருநீறு பூசி, செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போவதை அவன் பார்த்தான். கொடிக்கு எதிரே செம்பைத் தூக்கி, தீபாராதனைபோல மெல்லச் சுற்றி, "நன்றாகப் பார்த்துக்கொள் தாயே, இது தண்ணீர்" என்று பணிவாகச் சொல்வதையும் பார்த்தான். பிறகு பிச்சாண்டி மணி ஒன்றைத் தொட்டுப் பார்ப்பான். அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டுப் போய்விடுவான்.

காவலன் அமைச்சரிடம் ஓடினான். நீலகண்டர் அவனுக்கு மோதிரமே கொடுத்தார்.

"இப்போதே சொல்லிவிடலாமா, ஐயா?"

"அவசரப்படாதே. குற்றம் நன்றாகப் பழுக்கட்டும்."

எப்போதாவது ஒருநாள் பிச்சாண்டி செம்பைச் சரித்து, அடி ஓட்டையில் ஒழுகும்வரை நிதானமாக மணலில் ஊற்றினான். காவலன் அதைப் போய்ச் சொல்லவில்லை. மோதிரம் கொடுக்கிறவருக்குப் பிடிக்காத செய்தியை எதற்குச் சொல்ல வேண்டும்?

சில மாதங்கள் கழித்து இளவரசியின் பிறந்தநாள் வந்தது. அவை நிரம்பியிருந்தது. நீலகண்டர் கைகூப்பி எழுந்தார்.

"மன்னவா, இந்த நல்ல நாளில் இதைச் சொல்ல நேர்ந்ததே என்று நெஞ்சு வெடிக்கிறது. விகடகவி கொடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. இளவரசியின் கொடிக்கு எதிரே நின்று, அது பார்க்கப் பார்க்கத் தானே குடித்திருக்கிறார். காவலன் சாட்சி."

காவலன் நடந்ததைச் சொன்னான். மன்னரின் குரல் தாழ்ந்தது. அவர் குரல் தாழ்ந்தால்தான் ஆபத்து.

"உண்மையா, பிச்சாண்டி?"

"உண்மை, மன்னவா. பெரும்பாலும் அடியேன்தான் குடித்தேன்."

"கொடி எங்கே?"

"வெளியே இருக்கிறது. அமைச்சர்பெருமானே கொண்டுவந்தால் சிறப்பு. அவர் ஆசைப்பட்ட சாட்சி அல்லவா?"

காய்ந்த சருகைத் தூக்கிவரப்போகிற உற்சாகத்தில் நீலகண்டர் தாமே வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் நடை மாறியிருந்தது. நெஞ்சுக்கு நேரே அவர் பிடித்திருந்த சட்டியிலிருந்து இழைகள் முழங்கால்வரை தொங்கின. மணிகள் ஒவ்வொன்றும் திரண்டு மின்னின. நடுவில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூக்கள். லவங்கப்பட்டை வாசனை சாம்பிராணியைத் தாண்டி வந்தது.

மன்னர் இறங்கி வந்து அந்தப் பூவைப் பார்த்தார். மகளின் பெயரைச் சொல்லி அதை ஒருமுறை வருடினார். ஆனால் அவர் அரசர். "கொடி பிழைத்தது, மகிழ்ச்சி. ஆணையை மீறியது மீறியதுதானே?" என்றார்.

"கட்டியங்காரரைக் கேளுங்கள், மன்னவா."

கட்டியங்காரன் முழங்கினான்: "தினந்தோறும் தண்ணீர் காட்ட வேண்டும்."

"காட்டினேன். ஒருநாளும் தவறவில்லை. அதற்கும் இந்தக் காவலரே சாட்சி. ஊற்று என்று ஆணையில் ஒரு சொல் இருந்தால் இன்றே நாட்டை விட்டுப் போகிறேன்."

"சொல்லை வைத்து ஏமாற்றுகிறார்" என்று நீலகண்டர் சட்டிக்குப் பின்னாலிருந்து கத்தினார். "குதிரைக்குத் தண்ணீர் காட்டு என்றால் குடிக்கக் கொடு என்றுதான் அர்த்தம். லாயத்துப் பையனுக்குக்கூடத் தெரியும்."

"தெரியும் ஐயா. அதைத்தான் நானும் செய்தேன்" என்றான் பிச்சாண்டி. "குதிரைக்கு முன்னால் தண்ணீரை வைப்பார்கள். தாகம் இருந்தால் குடிக்கும். இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போது அதன் வாயைப் பிளந்து யாராவது ஊற்றுவார்களா? கொடிக்கும் தினம் காட்டினேன். மணி சுருங்கி, மணலும் உலர்ந்திருந்தால் தாகம் என்று அர்த்தம். அன்றைக்கு அடியில் ஒழுக ஒழுக ஊற்றினேன். மணி திரண்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று அர்த்தம். எடுத்த தண்ணீரை வீணாக்கலாமா? நான் குடித்தேன்."

மன்னர் ஆயிரம் குதிரை பார்த்தவர். முகத்தைத் திருப்பும் குதிரையை அவருக்குத் தெரியாதா? அவர் மீசை துடித்தது. முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு.

"அடேய், இத்தனை மாதமும் நீ கொடிக்கு மட்டுமா தண்ணீர் காட்டினாய்? என் அமைச்சருக்கும் எனக்கும் சேர்த்துக் காட்டியிருக்கிறாய்."

மன்னர் சிரித்தார் என்று அவையும் சிரித்தது. சிரித்து முடித்ததும் அவர் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். பிச்சாண்டி கையேந்தினான். மன்னர் மாலையை அவன் கண்ணெதிரே ஒருமுறை சுற்றினார்.

"நன்றாகப் பார்த்துக்கொள். இது பரிசு" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தம் கழுத்திலேயே போட்டுக்கொண்டார்.

அவை அதிர்ந்தது. எல்லோரையும்விட நீலகண்டர்தான் அதிகம் சிரித்தார். பிச்சாண்டி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மன்னருக்கு முன்னால் போய் முகத்தை நீட்டினான்.

"அமுக்கிப் பாருங்கள், மன்னவா. சுருங்கியிருக்கிறது."

மன்னரின் கிரீடம் சரிந்தது. அதைப் பிடிக்கக்கூடத் தோன்றாமல் சிரித்துக்கொண்டே மாலையை அவன் கழுத்தில் போட்டார். எருமை மேய ஆற்றோரத்தில் ஒரு புல்வெளியும் எழுதிக் கொடுத்தார். அமைச்சரைத் தண்டிக்கவில்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடாமல் சட்டியைப் பிச்சாண்டியின் வீடுவரை தூக்கிப் போகும் கௌரவத்தை அவருக்கு அளித்தார். தெருவெல்லாம் சனங்கள் நின்று பார்த்தார்கள். மணி ஒன்றுகூட உதிரவில்லை.

கொடி அந்தச் சன்னலிலேயே இருந்துவிட்டது. மகள் நினைவு வரும்போதெல்லாம் மன்னர் பரிவாரமில்லாமல் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். முதல்முறை வந்தபோது உண்ணாமுலைதான் வாசலில் நின்றாள். கும்பிட்டாள். ஆனால் வழியை விடவில்லை. மன்னரின் சால்வைக்குள் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

"மகராசா, தப்பா நெனைக்கக் கூடாது. அந்தச் செம்பை இங்கயே வச்சிட்டு உள்ள வாங்க."

மன்னர் திருதிருவென்று விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, சால்வைக்குள்ளிருந்த செம்பை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போனார்.